ஏழு மீட்டர் வீட்டில் குழி வெட்டிய கதை

எங்கள் வீட்டு முகப்பில் ஏழு மின் மீட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டில் பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. வீடு ஒன்று, பங்கு ஏழு. ஒவ்வொரு பங்குக்கும், உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் ஓர் அறை, ஒரு பூட்டு, ஒரு மீட்டர். இது தரைக்கு மேலே. பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனால் மண்ணுக்கு அடியிலும் ஏழு பங்குகள் இருக்கின்றன. அந்தப் பங்குகளுக்குப் பத்திரமும் கிடையாது, வரைபடமும் கிடையாது.

இந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன்னால் கிணற்றடியில் மழைநீர் உறிஞ்சு குழி ஒன்று வெட்டுவதென்று பங்காளிகள் கூடி முடிவெடுத்தோம். (ஏழு பங்கும் ஒரே பேச்சுக்கு வந்ததைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) ஊரோடு இருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் மேற்பார்வை என் தலையில் விழுந்தது. கொத்தனார் வந்து இடத்தைப் பார்த்தார்.

"ஆச்சி, நாளைக் காலையில் ஜேசிபி வந்தால் பத்து மணிக்குள் வேலை முடிந்துவிடும்."

"கீழே என்னென்ன போகிறது, தெரியுமா?"

"மண்தான் ஆச்சி."

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் இப்படி ஒரு பதிலைச் சொல்லக்கூடாது. ஜேசிபியை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, அன்று மாலை ஒரு தாளை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தேன்.

கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பி. பிற்காலத்தில் இரண்டு பங்கினர் சேர்ந்து போட்ட ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டாருக்கு இன்னொரு கம்பி. பக்கத்துச் சந்து வழியாக உள்ளே வரும் பேரூராட்சிக் குடிநீர்க் குழாய். மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏறும் குழாய்கள், இறங்கும் குழாய்கள். கழிப்பறைகளிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகும் குழாய்கள், டேங்கும் ஒன்றல்ல. கரியும் உப்பும் கொட்டி மூடிய எர்த் குழிகள். தொலைபேசி வைத்திருப்பது பெருமையாக இருந்த காலத்தில் தோட்டத்து அறைவரை இழுத்த செப்புக் கம்பி. 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாக வெட்டி, பிறகு தூர்ந்துபோன பழைய தொட்டியும் அதற்குப் போன குழாயும். சின்ன அப்பச்சி (சித்தப்பா) மகள் கல்யாணத்தில் சமையல் கொட்டகைக்கென்று போட்ட தண்ணீர்க் குழாயும் விளக்குக் கம்பியும்; கொட்டகையைப் பிரித்தார்களே தவிர, மண்ணுக்குள் போனதை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், வீடு கட்டிய காலத்து மூடு வாய்க்கால்.

தாள் நிறைந்துவிட்டது. எதுவும் எங்கே போகிறது என்பதுதான் அதில் இல்லை.

அரசாங்கத்தில் இதற்கு ஒரு வழி கிடையாதா என்று என் மருமகன் கேட்டான். இருக்கிறது. 2023 மார்ச்சில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. தோண்டப் போகிறவர் இடத்தைக் குறித்துப் பதிவு செய்தால், அந்த இடத்தில் கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். கண்ட இடத்தில் தோண்டி ஒளியிழைக் கேபிள்களை அறுப்பதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்று அப்போது அரசே சொன்னது. தெருவில் பள்ளம் வெட்டும் ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் இதைப் பயன்படுத்தினால் ஊருக்கு நல்லது. ஆனால் என் கிணற்றடி எந்தத் துறையின் வரைபடத்திலும் இல்லை. மின்வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது. அதற்குப் பிறகு பின்கட்டு வரை, கிணறு வரை, தோட்டத்து விளக்கு வரை போவதெல்லாம் நாமே ஆள் வைத்துப் போட்டது. நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது.

டல்லாஸில் இருக்கும் தம்பி மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். "அத்தை, இங்கே 811-க்கு ஒரு போன் செய்தால் போதும். அவர்களே வந்து புல்தரையில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள், காசு கூடக் கிடையாது" என்றாள். உண்மைதான். 2007 முதல் அமெரிக்கா முழுவதற்கும் அந்த ஒரே எண். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை; நாம் தோண்டப்போகும் இடத்தை வெள்ளையில் குறிக்க வேண்டும். அழகான ஏற்பாடு. "சரி, உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து தோட்டத்து விளக்குக்குப் போகிற கம்பியையும் குறிப்பார்களா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அது எங்கள் பொறுப்பு அத்தை, தனியாக ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்" என்றாள். ஆக, மீட்டரைத் தாண்டிவிட்டால் டல்லாஸும் பள்ளத்தூரும் ஒன்றுதான்.

மூன்றாம் பங்கு அண்ணன் சிங்கப்பூரில் கட்டுமானத் துறையில் இருப்பவர். மண்ணுக்கடியில் மின்கேபிள் ஓடும் இடங்களில், உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் பணியாளரை வைத்துப் பார்த்த பிறகுதான் அங்கே மண்வேலை தொடங்குவார்களாம். அவர் ஒருவர்தான் என்னிடம் "ஏன் இவ்வளவு தாமதம்" என்று கேட்கவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் கேள்வியைப் போட்டேன்: உங்கள் பங்குக் கம்பியும் குழாயும் எந்த வழியாகப் போகின்றன? அண்ணன் மதிலை ஒட்டி என்றார். அண்ணி, துளசி மாடத்துக்குக் கிழக்கே என்றார். கோயம்புத்தூர்ப் பங்கிலிருந்து, போட்டபோது ஆன செலவின் கணக்கு பைசா சுத்தமாக வந்தது, வழி வரவில்லை. ஈப்போவிலிருந்து கும்பிடும் கைப்படம் ஒன்று வந்தது.

கடைசியில் உருப்படியாகச் சொன்னவர், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். "அந்தப் பள்ளங்களை வெட்டியதே நான்தானே ஆச்சி" என்று சொல்லிவிட்டு, கிணற்றடியில் காலால் கோடு கிழித்துக்கொண்டே நடந்தார். இந்த இடத்தில் பாறை வந்தது, அதனால் இப்படித் திரும்பினோம்; இந்த வேம்பு அப்போது கன்று, அதைச் சுற்றிப் போனோம். பணம் கொடுத்தவர்களுக்குத் தொகை நினைவிருக்கிறது. மண்வெட்டி பிடித்தவருக்குத் திருப்பம் நினைவிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். கருவி தேடுவதற்கு முன் அவரைத் தேடுங்கள். அவர் நடக்க நடக்கப் பின்னாலேயே சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டு போங்கள்.

அவர் வெட்டாதவையும் இருந்தன. அவற்றுக்குத் தரையைப் படிக்க வேண்டியிருந்தது. ஒரு கம்பி சுவரிலிருந்து எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது, எங்கே மறுபடி வெளியே வருகிறது என்று இரண்டு முனைகளையும் முதலில் பிடிக்க வேண்டும். நடுவில் நேர்கோடு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எலெக்ட்ரீஷியன் கம்பியை மிச்சம் பிடிக்கக் குறுக்கே போவார். பிளம்பர் எல்போ போட்டு மதிலை ஒட்டிப் போவார். சிமென்ட் தரையில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தால், அங்கே உடைத்துப் பூசியிருக்கிறார்கள். மழை பெய்து ஓய்ந்ததும் நீளவாக்கில் லேசாகத் தாழ்ந்து நீர் தேங்கும் இடம் பழைய பள்ளம். சித்திரை வெயிலில் எல்லாப் புல்லும் காய்ந்திருக்க, ஒரு கோட்டில் மட்டும் பச்சை நின்றால் அங்கே ஒரு குழாய் கசிகிறது.

மூடு வாய்க்காலுக்குச் சொட்டு நீலம் பயன்பட்டது. செட்டிநாட்டு வீட்டில் ஓட்டுச் சரிவுகளின் தண்ணீர் வளவு முற்றத்தில் விழுந்து, தரைக்கு அடியில் கட்டிய வாய்க்கால் வழியாக வெளியேறி, தெரு வாய்க்கால் பிடித்து ஊருணிக்குப் போகும். நம் முன்னோர் வீட்டை மட்டும் கட்டவில்லை, தண்ணீர் போகும் வழியோடு சேர்த்து ஊரைக் கட்டினார்கள். எங்கள் வாய்க்கால் முன்தெருவுக்குப் போகிறதென்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். முற்றத்தில் நீலம் கலந்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிவிட்டுத் தெருவில் ஓர் ஆளையும் பின்மதிலில் ஓர் ஆளையும் நிறுத்தினேன். நீலம் பின்மதில் ஓட்டையில் வந்தது. அதாவது, கொத்தனார் குழிக்குக் குறித்திருந்த இடத்துக்கு நேர் கீழே வாய்க்கால். ஜேசிபியின் ஒரே கொத்தில் அது உடைந்திருக்கும்; அடுத்த மழைக்கு முற்றத்துத் தண்ணீர் முழுவதும் பட்டாலைக் கூடத்தில் ஏறியிருக்கும்.

கருவிகளைப் பற்றிப் பலரும் கேட்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருமகன் இணையத்தில் மலிவாக ஓர் உலோகம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு வந்தான். அது கிணற்றடி முழுவதும் கத்தியது. எங்கள் மண் செம்புறை மண். அதன் சிவப்பே இரும்புதான். அது போதாதென்று, தலைமுறை தலைமுறையாக விழுந்த ஆணிகள், லாடங்கள், உடைந்த வாளிப் பிடிகள். கத்தாத இடம்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்து, உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கலாம் என்றார் ஒரு பங்காளி. குழாயில் ஓடும் தண்ணீரையும் தேங்காய் காட்டிவிடுமாம். அப்படியானால் அடுப்படியில் இருக்கும் குடத்துக்கும் அது எழுந்து நிற்க வேண்டுமே என்றேன். பேச்சு அதோடு நின்றது.

ஒளியிழைக் கேபிள் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் மதுரையிலிருந்து கேபிள் கண்டறியும் கருவியோடு வந்தார். அதில் இரண்டு பாகங்கள். ஒன்று, கம்பியின் ஒரு முனையில் இணைத்து அதற்குள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை, அவர் வைத்தது 33 கிலோஹெர்ட்ஸ், செலுத்தும். மற்றொன்றைக் கையில் பிடித்துத் தரைமேல் நடந்தால் அந்த அதிர்வெண் வரும் கோட்டில் ஒலி உயரும், ஆழத்தையும் காட்டும். வீட்டு மின்சாரமே 50 ஹெர்ட்ஸில் அதிர்கிறதே, தனியாக ஏன் செலுத்த வேண்டும் என்று என் பழைய மாணவர்கள் கேட்பார்கள். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டி ஒட்டிக் கிடப்பதால் இரண்டின் காந்தப்புலங்களும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிச்சம் இருப்பது மெல்லிய முனகல். மோட்டார் நின்றிருந்தால் அந்த முனகலும் இருக்காது. ஆகவே, '50 ஹெர்ட்ஸில் எதுவும் கேட்கவில்லை' என்பதற்கு, 'கம்பி இல்லை' என்று பொருள் அல்ல.

இந்தக் கருவிக்கும் இரண்டு குறைகள். முதலாவது, பிளாஸ்டிக் குழாய் அதன் காதில் விழாது. காலிக் குழாயாக இருந்தால், எலெக்ட்ரீஷியன்கள் கம்பி இழுக்கப் பயன்படுத்தும் நீளமான எஃகு நாடாவை உள்ளே தள்ளி அந்த நாடாவில் அதிர்வெண்ணைச் செலுத்தலாம். தூர்ந்த தொட்டிக்குப் போன குழாயை இப்படித்தான் பிடித்தோம். தண்ணீர் நிற்கும் குழாய்க்கு இது ஆகாது. அதற்குப் பழைய முறையே கைகொடுத்தது: கடைசிக் குழாயைத் திறந்துவிட்டு, ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது. குடிநீர் வாரியப் பணியாளர்கள் கசிவு தேடும் முறை இது. இரவு ஊர் அடங்கிய பிறகு நன்றாகக் கேட்கிறது. இரண்டாவது குறை, செலுத்திய அதிர்வெண் பக்கத்தில் ஓடும் இரும்புக் குழாயிலும் தொற்றிக்கொள்ளும். குழாயைக் கம்பி என்று காட்டிவிடும். அந்த இளைஞரே, "நான் கோடு போடுகிறேன் அம்மா, கோட்டை நம்பி இயந்திரத்தை விடாதீர்கள். கையால் சிறு குழி வெட்டிக் கண்ணால் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தன் கருவியின் எல்லையைச் சொல்லிக் கொடுக்கும் ஆட்களிடம் எனக்கு மரியாதை உண்டு.

கையால் வெட்டுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஏழு மீட்டர் வீட்டில் என் மெயினை மட்டும் இறக்கிவிட்டு மண்வெட்டியைக் கொடுப்பது கொலைக்குச் சமம். மற்ற ஆறும் உயிரோடு இருக்கின்றன. யாருடைய கம்பி யாருடைய மண்ணில் ஓடுகிறது என்பதே தெரியாது. நான்கு மெயின்கள் முகப்பில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. மற்றவை பூட்டிய அறைகளுக்குள். சாவி வரும்வரை வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். (சாவி வராத நிலையில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கம்பத்திலேயே இணைப்பை நிறுத்தக் கேட்கலாம். நாமாக மீட்டர் பெட்டியில் கை வைக்கக் கூடாது.) ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று சிலர் தைரியம் சொன்னார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் நல்ல சாதனம்தான். ஏழு பங்கில் இரண்டில்தான் அது இருந்தது. ஈர மண், வெறுங்கால், கையில் அடி முதல் நுனி வரை இரும்பான கடப்பாரை. கடப்பாரையைக் கோடுகளின் பக்கமே கொண்டுவரக் கூடாதென்று எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். கொத்தனாருக்கு முகம் சுருங்கியது. மரப்பிடி மண்வெட்டி, கோட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து, மண்ணைச் சீவிச் சீவி எடுப்பது, இவ்வளவுதான் அனுமதி.

இந்திய தர நிர்ணய விதியின்படி (ஐ.எஸ். 1255) 1.1 கிலோவோல்ட் வரையிலான கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், மணல் படுக்கையில் வைத்து, மேலே செங்கல் அல்லது ஓடு பரப்பிப் புதைக்க வேண்டும். ஆழத்தை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை; ஆனால் பழைய வேலைக்காரர்கள் மணலையும் செங்கல்லையும் விட்டுவிடவில்லை. எங்கள் செம்மண்ணில் வெளுத்த ஆற்று மணல் ஒரு கோடாகத் தெரிந்தால், அங்கே நிறுத்த வேண்டும். கிணற்று மோட்டார்க் கம்பி அப்படித்தான் தெரிந்தது; பெரியவர் காலால் கிழித்த கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி.

கல்யாணக் கொட்டகைக் கம்பி மணலும் செங்கல்லும் இல்லாமல், குழாய்கூட இல்லாமல், ஒன்பது அங்குல ஆழத்தில் கிடந்தது. ஆட்களை எல்லாம் பின்கட்டுக்குள் அனுப்பிவிட்டு, எலெக்ட்ரீஷியன் மெயின்களை ஒவ்வொன்றாகப் போட, தொடாமலே மின்சாரம் காட்டும் டெஸ்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஐந்தாம் பங்கின் மெயினைப் போட்டதும் விளக்கு எரிந்தது. கல்யாணம் முடிந்து, அந்தப் பெண்ணின் மகனே கல்லூரிக்குப் போய்விட்டான். கம்பியில் மட்டும் இன்னும் மின்சாரம் இருந்தது. ஐந்தாம் பங்கு அண்ணனுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "அந்தக் கல்யாணத்துக்கு நான் கம்பி கொடுக்கவே இல்லையே" என்றார். யார் கொடுத்தார்கள் என்பது குழுவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எர்த் குழிக்கு ஒட்டி ஓடிய இரும்புத் தண்ணீர்க் குழாய், கை பட்டதும் பிஸ்கட்டாக உதிர்ந்தது. உப்பைக் கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இரும்பைப் புதைத்தால் வேறென்ன ஆகும்? அரிப்பைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது அது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நம் வீடுகளில் உப்பையும் இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம்.

குழி, முதலில் குறித்த இடத்திலிருந்து எட்டடி மேற்கே தள்ளி வெட்டப்பட்டது. எல்லாப் பக்கமும் கையால் வெட்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு ஜேசிபியையே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கொத்தனார் சொன்னபடி பத்து மணிக்குள் முடித்துக் கொடுத்தார்.

பள்ளங்களை மூடுவதற்கு முன் ஒவ்வொன்றின் அருகிலும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்தேன். பிறகு வரைபடத் தாளில் வரைந்தேன். அளவுகள் எல்லாம் கிணற்றுக் கைப்பிடிச் சுவரிலிருந்தும் பின்கட்டுக் கல்தூணிலிருந்தும் எடுத்தவை. கொய்யா மரத்திலிருந்து இத்தனை அடி என்று எழுதிவைத்தால், மரத்தை வெட்டிய மறுநாள் அந்தப் படம் வீண். ஆழம், குழாயின் விட்டம், எந்தப் பங்கு, உயிருள்ளதா செத்ததா என்பதெல்லாம் ஓரத்தில் இருக்கிறது. ஒரு நகல் மீட்டர்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. இன்னொன்று எல்லோர் தொலைபேசியிலும் போயிருக்கிறது.

புதுக் குழிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயும் பிளாஸ்டிக்தான். அதனால் அதன் மேல் முதுகோடு ஒரு செப்புக் கம்பியை நீளத்துக்கும் கட்டி, இரண்டு முனைகளையும் மண்ணுக்கு மேலே ஒரு சிறு பெட்டிக்குள் விட்டிருக்கிறேன். அரையடி மேலே மஞ்சள் எச்சரிக்கை நாடாவும் பரப்பியாகிவிட்டது. "இது எதற்கு ஆச்சி, நமக்குத்தான் இடம் தெரியுமே" என்றார் கொத்தனார். செப்புக் கம்பியின் விலையைக் கணக்கில் தனியாக எழுதியிருந்தார். ஏழால் வகுத்துக் குழுவில் போட்டேன். ஈப்போவிலிருந்து இன்னும் வரவில்லை.